தகரப் பெட்டியும் லயத்து வீடும்: புலம்பெயர்ந்தோர் மனையறம் குறித்து ஒரு வாசிப்பு

முன்னுரை

மலேசியத் தமிழ் இலக்கியத்தைப் பற்றிய ஆய்வுகள் பால்மரத்தையும் பிரட்டுக்களத்தையும் கங்காணியையும் விரிவாகப் பேசியுள்ளன. உழைப்பின் களம் ஆராயப்பட்ட அளவுக்கு, உழைத்தவர் மாலையில் திரும்பிய வீடு ஆராயப்படவில்லை. வீடு பேசப்படும் இடங்களிலும் அது வறுமையின் சான்றாகவே காட்டப்படுகின்றது. ஒற்றை அறை, ஒழுகும் கூரை, தட்டுமுட்டுச் சாமான் என்ற மூன்று தொடர்களில் அவ்வீடு முடிந்துவிடுகின்றது. அண்மைக் காலத்தில் இதற்கு எதிரான ஒரு போக்கும் தோன்றியுள்ளது. அம்மி, உரல், குத்துவிளக்கு ஆகியவற்றைக் கண்ணாடிப் பேழைக்குள் அடுக்கி, லயத்து வீட்டைப் பண்பாட்டுக் கருவூலமாகக் காட்டும் போக்கு அது. முன்னது அவ்வீட்டை வெறுமையாகக் காண்கின்றது. பின்னது நிறைந்து வழிவதாகக் காண்கின்றது. தமக்கு உரிமையில்லாத நான்கு சுவர்களுக்குள் அயல்மண்ணில் வந்திறங்கிய ஒருவர் எதை வைத்துக்கொள்வது, எதை வாங்காமல் விடுவது என்று எடுத்த முடிவுகளை இரண்டு நோக்குகளுமே கவனிப்பதில்லை. அம்முடிவுகளை ஒரு பனுவலைப் போல் வாசிக்க இயலும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இதற்குக் களமாகப் பேரா மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புற வாழ்வு கொள்ளப்படுகின்றது. கட்டுரையாளர் பிறந்து வளர்ந்த வட்டாரம் அது. அதனோடு சிலப்பதிகாரத்தின் இரு காதைகளும் கே.எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ரிட்டர்ன்’ (1981) என்னும் புதினமும் ஒப்புநோக்கப்படுகின்றன.

மாதரி அமைத்த மனை

குடிபெயர்ந்த இடத்தில் வீடு அமைத்தல் தமிழ் இலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கும் கண்ணகிக்கும் இருமுறை வீடு அமைத்துத் தரப்படுகின்றது. முதலாவது, புகாரில். மயன் செய்தது போன்ற மணிக்கால் கட்டிலும் நெடுநிலை மாடமும் மனையறம் படுத்த காதையில் வருகின்றன. கோவலனின் தாய் அவ்விருவரையும் வேறு மனையில் இருத்தி, செல்வமும் சுற்றமும் தந்து இல்லறம் நடத்தச் செய்கின்றாள்.

இரண்டாவது வீடு மதுரைப் புறஞ்சேரியில் அமைகின்றது. பாண்டிய நாடு அவர்களுக்கு அயல்நாடு. உறவென்று அங்கு எவருமில்லை. ஆயர் முதுமகள் மாதரி செம்மண் பூசிய பந்தரோடு கூடிய காவலுள்ள சிறுவீட்டில் அவர்களை அமர்த்துகின்றாள். கொலைக்களக் காதை அவ்வீட்டிற்கு வந்து சேர்ந்த பொருள்களை ஒவ்வொன்றாகக் குறிப்பிடுகின்றது. சமையற்கலம், காய்கள், கனிகள், சாலி அரிசி, பால் என அப்பட்டியல் நீள்கின்றது. கோவலன் அமர்வதற்கு, கைத்திறம் மிக்க ஒரு பெண் பனையோலையால் பின்னிய தடுக்கு இருக்கின்றது. உண்பதற்குக் குமரி வாழையின் குருத்திலை இருக்கின்றது. மணிக்கால் கட்டிலிலிருந்து ஓலைத் தடுக்கிற்கு இறங்கிய அந்த வீடு ஒரு நாள்கூட முழுமையாக நிலைக்கவில்லை. எனினும் காப்பியத்தில் அவ்விருவரும் மெய்யாகவே இல்லறம் நடத்துவதை நாம் கண்ணால் காணும் இடம் அதுவே. கண்ணகி சமைக்கின்றாள், கோவலன் உண்கின்றான், இருவரும் மனம்விட்டுப் பேசுகின்றனர்.

இங்குக் கருதத்தக்கவை இரண்டு. ஒன்று, ஒரு வீடு வீடாவதற்கு அது நெடுங்காலம் நிலைத்திருக்க வேண்டுவதில்லை. மற்றொன்று, கணவன் பிரிந்திருந்த காலத்தில் தான் இழந்தவையாகக் கண்ணகி அக்காதையில் எண்ணிக் கூறுபவற்றுள் பொருள் எதுவும் இல்லை. அறவோர்க்கு ஈதல், அந்தணரைப் பேணல், துறந்தோரை எதிர்கொள்ளல், விருந்தினரை ஏற்றல் ஆகிய செயல்களையே அவள் குறிப்பிடுகின்றாள். வந்தவரை வரவேற்கத்தக்க நிலையில் இருத்தலே மனை என்னும் கருத்து அதில் பொதிந்துள்ளது. லயத்து வீட்டை அளப்பதற்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் வேறில்லை எனலாம்.

லயத்து வீடும் நால்வகைப் பொருள்களும்

மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தபின் கங்காணி முறையே ஆள்சேர்ப்பின் முதன்மை வழியாக இருந்தது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்யும் வரை அது நீடித்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியோர் நேரே தோட்டத்து லயங்களில் சேர்க்கப்பட்டனர். லயம் என்பது நிருவாகத்தின் சொத்து. நீண்ட மரக்கட்டடம் ஒன்றைத் தடுத்துத் தடுத்து, ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான அறைகள் அமைக்கப்பட்டன. முன்னால் அஞ்சடி, பின்னால் குசினி. வேலை இருக்கும் வரைதான் வீடு. வேலை போனால் அறையைக் காலிசெய்ய வேண்டும். இந்த ஒரு விதியை மனத்திற்கொள்ளாமல் அவ்வறைக்குள் இருந்த பொருள்களை விளங்கிக்கொள்ள முடியாது.

அப்பொருள்களை நால்வகையாகப் பகுக்கலாம். முதல்வகை, கொண்டுவந்தவை. தகரப் பெட்டி, செம்பு, வெண்கலக் கும்பா, சாமி படம் ஆகியவை இவ்வகையின. பெட்டிக்குள் அடங்குவதும் தோளில் தூக்க முடிவதுமே வர முடிந்தது. இரண்டாம் வகை, கிடைத்தவை. மண்ணெண்ணெய்த் தகரம் தண்ணீர்க் குடமாயிற்று. பால் டின் குவளையாயிற்று. கோதுமை மாவுச் சாக்கு திரையாயிற்று. ஒட்டுப்பால் காயவைத்த கம்பி துணிக்கொடியாயிற்று. மூன்றாம் வகை, செய்துகொண்டவை. பழைய பலகையில் அறைந்த கட்டில், அஞ்சடி ஓரத்தில் சாய்த்த பெஞ்சு, களிமண் அடுப்பு போன்றவை. நான்காம் வகை, தவணையில் வாங்கியவை. இவை பெரும்பாலும் நாடு விடுதலை பெற்ற பின்னரே வந்தன. பட்டணத்துச் சீனர் கடையிலிருந்து வந்த கண்ணாடி அலமாரி, வானொலிப் பெட்டி, தையல் இயந்திரம், பின்னர்த் தொலைக்காட்சி என அவை வந்த வரிசையே ஒரு சமூக வரலாறு.

இந்நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முன்னதை அகற்றவில்லை என்பதே முக்கியம். தவணையில் வந்த தொலைக்காட்சி தகரப் பெட்டியின் மீது வைக்கப்பட்டது. கட்டுரையாளரின் பாட்டியார் வாழ்ந்த வீட்டில் அப்பெட்டி முதலில் பயணச் சுமையாக இருந்து, பின் துணி அலமாரியாகி, பின் பிள்ளைகள் படிக்கும் மேசையாகி, இறுதியில் தொலைக்காட்சியைத் தாங்கி நின்றது. அந்த நாற்பது ஆண்டுகளிலும் அதன் பூட்டு எண்ணெயிடப்பட்டுப் பயன்படும் நிலையிலேயே இருந்தது. அலமாரி வாங்கிய பின்னும் பாட்டியார் பெட்டியைப் பெட்டியாகவே பேணினார். அதை வறுமை என்று கூற முடியாது. வெறும் பழமைப் பற்று என்றும் கூற முடியாது. கிளம்ப வேண்டிய நாள் வரக்கூடும் என்பதை அறிந்த ஒருவரின் முன்னேற்பாடு அது.

அவ்வீட்டில் நாற்காலி ஒன்றே ஒன்று இருந்தது. வீட்டார் எவரும் அதில் அமர்ந்ததில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ கிராணியோ ஊரிலிருந்து வந்த உறவினரோ வரும்போது துடைத்துப் போடப்படும். தாம் தரையில் அமர்ந்து, வருபவருக்கென ஓர் இருக்கை வாங்கி வைத்தல் கண்ணகி குறிப்பிட்ட மனையறத்தின் தொடர்ச்சியாகும். பொருள்களை எண்ணிப் பார்த்து வறுமை என்று முடிவு கட்டும் வாசிப்பு அந்த நாற்காலி எதற்கு என்று கேட்பதில்லை.

சொல்லால் நிறைந்த வீடு

லயத்து வீட்டின் பொருள்களுள் ஒன்றுக்குச் சுவடே எஞ்சுவதில்லை. உத்திரத்திலோ, வேலைத்தளத்தில் மரக்கிளையிலோ கட்டிய சேலைத் தொட்டிலே அது. குழந்தை எழுந்ததும் அவிழ்த்துவிட்டால் மீண்டும் சேலை. அருங்காட்சியகம் எதுவும் அதைக் காட்சிக்கு வைக்க முடியாது. ஆனால் நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகள் அதைக் காத்து வைத்துள்ளன. இரா. தண்டாயுதம், முரசு நெடுமாறன், முத்தம்மாள் பழனிசாமி ஆகியோரின் முயற்சிகள் இங்கு நன்றியுடன் நினைக்கத்தக்கவை.

தமிழ்த் தாலாட்டு மரபில் தொட்டில் பொன்னால் ஆனது. அதன் கால் முத்துப் பதித்தது. மாமன் சீராக யானையும் கட்டிலும் அனுப்புகின்றான். இம்மரபுத் தொடர்கள் கடல் கடந்தும் மாறாமல் வந்தன என்பதைச் சுட்டி, அவற்றைத் தேய்ந்த வாய்பாடு என்று ஆய்வாளர் சிலர் ஒதுக்குவர். பாடியவரின் தலைக்கு மேல் என்ன தொங்கியது என்பதை நினைத்தால் அவ்வாறு ஒதுக்க மனம் வராது. கிழிந்த சேலையை ஆட்டிக்கொண்டே பொன் தொட்டிலைப் பாடிய தாய், அறையில் இல்லாத பொருளைச் சொல்லால் அங்குக் கொண்டுவந்தார். சீர் அனுப்பும் மாமன் கடலுக்கு அப்பால் இருந்தான். அவன் பெயரை ஒவ்வோர் இரவும் சொல்வதே அவனைச் சுற்றத்துள் வைத்திருக்கும் வழி. ஊரிலும் ஏழைத் தாய்மார் பொன் தொட்டிலையே பாடினர் என்பது உண்மையே. ஆனால் ஊரில் மாமன் அடுத்த தெருவில் இருந்தான். ஒரே தொடர் இடம் மாறியபோது அதன் வேலையும் மாறியது.

எழுத்தும் அவ்வீட்டில் ஒரு தட்டுமுட்டுப் பொருளாகவே நுழைந்தது. பலகைச் சுவரின் இடுக்குகளை அடைக்கப் பழைய செய்தித்தாள்கள் ஒட்டப்பட்டன. 1924 முதல் 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழின் தாள்களைச் சுவரில் எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்தவருள் கட்டுரையாளரும் ஒருவர். தீபாவளிக்குத் தீபாவளி மேலே புதுத்தாள் ஒட்டப்படும். சென்ற ஆண்டுத் தொடர்கதையின் பாதி இந்த ஆண்டுச் செய்தியின் அடியில் மறையும். மலேசியத் தமிழ்ச் சிறுகதை தன் வாசகரை அடைந்த வழிகளில் இச்சுவரும் ஒன்று என்பதை இலக்கிய வரலாறு எழுதுவோர் கருத்திற்கொள்ளலாம்.

பட்டா இல்லாத மாளிகை

கே.எஸ். மணியம் (1942 – 2020) கெடாவின் பீடோங்கில் பிறந்தவர்; மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். அவருடைய ‘தி ரிட்டர்ன்’ புதினத்தின் தொடக்கப் பகுதி, மூன்று ஆண் பிள்ளைகளுடன் இந்தியாவிலிருந்து வந்த பெரியதாய் என்னும் மூதாட்டியைப் பற்றியது. அவள் பெட்டியைப் பூட்டி வைத்துக் காத்திருப்பவள் அல்லள். பாடுபட்டுப் பொருளீட்டி வீடு அமைக்கின்றாள். செதுக்கு வேலைப்பாடுள்ள தூண்கள், நடராசர் திருவுருவம், விளக்கு என அவ்வீட்டினுள் ஒரு முழு உலகத்தையே எழுப்புகின்றாள். ஆனால் வீடு நிற்கும் நிலத்திற்கு அவளிடம் உரிமைப் பத்திரம் இல்லை. அடுத்த தலைமுறையில் அவளுடைய மகனும் ஆற்றோர நிலத்தில் வீடு கட்டுகின்றான். அந்நிலமும் அவனுடையதன்று என்று தெரியவரும்போது வீட்டோடு தன்னையும் எரித்துக்கொள்கின்றான்.

இப்புதினத்தைப் பண்பாட்டு அடையாளச் சிக்கலாக வாசிப்போர் பலர். நடராசரும் விளக்கும் பழைய உலகின் சின்னங்கள், அவை புதிய மண்ணில் வேர்பிடிக்கவில்லை என்பது அவ்வாசிப்பின் சாரம். இதை முழுமையாக ஏற்க இயலவில்லை. பெரியதாயின் வீட்டில் பொருள்கள் நன்றாகவே வேர்பிடிக்கின்றன. பிடுங்கப்படுவது பத்திரம் இல்லாமையால். சிக்கல் தூணில் இல்லை. தூண் ஊன்றிய நிலத்தில் இருக்கின்றது. பண்பாடு தோற்றது என்று கூறுவதன் மூலம் நிலவுரிமை பற்றிய கேள்வியைத் திறனாய்வு தவிர்த்துவிடுகின்றது.

மணியத்தின் புதினத்திலும் ஒரு குறை உண்டு. அது வீடு அமைப்பதைத் தனியொருவரின் தீராத வேட்கையாகவே காட்டுகின்றது. பெரியதாய்க்கு மாதரி போன்ற ஒருவர் அமையவில்லை. ஆனால் லயத்தில் புதிதாக வந்த குடும்பத்திற்கு முதல் அடுப்பை மூட்டித் தந்தவரும், ஒரு படி அரிசியும் ஒரு சட்டியும் கொடுத்தவரும் பக்கத்து அறையினரே. சுவர் மட்டுமே நிருவாகம் தந்தது. சுவருக்குள் இருந்தவற்றின் முதற்பகுதி அண்டை வீட்டார் தந்தது. இக்கொடுக்கல் வாங்கலைத் தோட்டப்புறத்திலேயே வாழ்ந்து எழுதியவர்களின் தமிழ்ச் சிறுகதைகள் மணியத்தைவிட நுட்பமாகப் பதிவுசெய்துள்ளன என்றே கூற வேண்டும்.

பெட்டி மீண்டும் திறந்த நாள்கள்

பூட்டுக்கு எண்ணெயிட்டது வீண் அச்சத்தால் அன்று என்பதற்கு வரலாறே சான்று. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950 முதல் பிரிக்சுத் திட்டத்தின்கீழ் மக்கள் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டபோது, சிதறிக் கிடந்த தோட்ட லயங்களும் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டன. விடுதலைக்கு முன்னும் பின்னும் ஐரோப்பியரின் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, வேலையோடு வீட்டையும் இழந்தோர் பலர். 1969ஆம் ஆண்டு நிகழ்வுகளை ஒட்டி வேலை அனுமதி விதிகள் கடுமையாக்கப்பட்டபோது, குடியுரிமை பெறாத பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். வந்த கப்பலிலேயே திரும்பியோரும் உண்டு. அவர்கள் கொண்டுசென்றவை எவை, லயத்திலேயே விட்டுச்சென்றவை எவை என்பது குறித்து நம் புனைகதைகள் இன்னும் போதிய அளவு எழுதவில்லை.

நிலமே விடை என்பதை உணர்ந்த முயற்சி ஒன்று இவ்வூர்க்காரரின் தலைமையில் நிகழ்ந்தது என்பதும் நினைக்கத்தக்கது. சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், துண்டாடலுக்கு மாற்றாக 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சிறுசிறு மாதத் தவணைகளால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. கண்ணாடி அலமாரிக்குத் தவணை கட்டிய கையே தோட்டத்திற்கும் தவணை கட்டியது. கூட்டுறவு எல்லாருக்கும் வீட்டுரிமை பெற்றுத் தந்துவிட்டது என்று கூற இயலாது. ஆயினும் சுவருக்குள் வாங்குவதோடு நில்லாமல் சுவருக்கு வெளியேயும் வாங்க வேண்டும் என்ற அறிவு அத்தலைமுறைக்கு இருந்தது.

திறனாய்வுக்கும் கற்பித்தலுக்கும்

பொருள்களை வாசிப்பது இலக்கியத் திறனாய்வாகுமா என்று ஐயுறுவோர் உண்டு. அதற்கு விடை தொல்காப்பியத்திலேயே உள்ளது. உணவும் மரமும் பறையும் யாழும் கருப்பொருளாகக் கொள்ளப்பட்டு, அவற்றின் வழியே உரிப்பொருள் அறியப்பட்டது. பால்மரத்தை நாம் கருப்பொருளாக ஏற்றுக்கொண்டோம். தகரப் பெட்டியையும் மண்ணெண்ணெய்த் தகரத்தையும் ஏற்கத் தயங்குகின்றோம். ஐந்திணைக்கு ஓர் ஆறாம் திணையைச் சேர்க்க வேண்டும் என்பது இங்குக் கோரிக்கையன்று. இருக்கும் முறையைக் கைவிடாமல் வீட்டுக்குள்ளும் அதைக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே கோரிக்கை.

இக்கேள்வி கட்டுரையாளருக்கு நூலகத்தில் எழவில்லை. முனைவர் பட்ட ஆய்வுக்காக இலண்டனில் தங்கியிருந்த ஆண்டுகளில் வாடகை அறையில் ஒரு சோற்றுச் சட்டியும் ஒரு மடக்கு நாற்காலியுமே இருந்தன. பணம் இருந்தும் வேறெதுவும் வாங்க மனம் ஒப்பவில்லை. திரும்பும் நாள் தெரிந்திருந்தது. குளிர்காலம் ஒன்றில் நண்பர் ஒருவர் வந்தபோது, இருந்த ஒரே நாற்காலியை அவருக்குத் தந்து தரையில் அமர்ந்த பின்னரே பாட்டியார் வீட்டு நாற்காலி நினைவுக்கு வந்தது. ஆனால் அவ்விரு நிலைகளையும் ஒன்றெனக் கூறுதல் நேர்மையாகாது. ஆய்வு மாணவருக்குத் திரும்பும் நாள் தெரியும், பாட்டியாருக்குத் தெரியாது. மாணவரிடம் கடப்பிதழ் இருந்தது. பாட்டியாரின் பெட்டியில், இறக்கும் வரை நீலமாக மாறாத சிவப்பு அடையாள அட்டை இருந்தது.

வகுப்பறைகளில் ‘தோட்டப்புற வாழ்க்கை’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதும் மாணவர், லயத்தை ஒருபோதும் கண்டிராதவர். பல தோட்டங்களில் பால்மரம் செம்பனைக்கு இடம் தந்துவிட்டது. லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் பட்டண ஓரத்து மலிவுவிலை வீடுகளுக்குப் பெயர்ந்துவிட்டனர். அம்மாணவரிடம் வறுமை என்ற சொல்லையோ பாரம்பரியம் என்ற சொல்லையோ ஆசிரியர் முதலிலேயே கொடுத்துவிட்டால், அவர் அச்சொல்லையே திருப்பித் தருவார். அதற்கு மாறாக, வீட்டில் உள்ள மிகப் பழைய பொருள் எது, அது யாரால் எப்படி வந்தது, இதுவரை எத்தனை முறை வீடு மாறியது என்னும் மூன்று வினாக்களைக் கேட்டு எழுதச் செய்யலாம். எழுதிவரும் விடைகளுக்குப் பக்கத்தில் கொலைக்களக் காதையின் அடுக்களைப் பகுதியை வைத்துக் கற்பித்தால், காப்பியம் மாணவருக்கு அயலாக இராது.

முடிவுரை

லயத்து வீடு வெறுமையாக இருந்ததில்லை, கருவூலமாகவும் இருந்ததில்லை. எந்நேரமும் வெளியேற்றப்படலாம் என்பதை அறிந்தும் மனையறம் நடத்தியவர்கள் அமைத்த வீடு அது. தூக்கிச் செல்லக்கூடியதைப் பேணினர், கிடைத்ததைப் பயன்கொண்டனர், இல்லாததைப் பாடினர், வருபவருக்கு ஓர் இருக்கை வைத்தனர். மாதரியின் சிறுவீடும் பெரியதாயின் தூண்களும் சுங்கை சிப்புட்டின் தகரப் பெட்டியும் ஒன்றை ஒன்று விளக்குகின்றன. நம் திறனாய்வு அவ்வீடுகளின் வாசலில் நின்று இரங்குவதையோ வியப்பதையோ விடுத்து, உள்ளே சென்று அமர வேண்டும். துடைத்துப் போட்ட நாற்காலி அதற்காகத்தான் அங்கு இருக்கின்றது.